யுகாஷினி கேட்ட மூன்று பாடங்கள்

செந்தூல்,
வெள்ளிக்கிழமை மாலை.

அன்புள்ள யுகாவின் அப்பாவுக்கு,

உஷாராணி எழுதுவது. நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். உங்கள் முதுகு வலி எப்படி என்று உங்களைக் கேட்டால் "நல்லாதான் இருக்கு" என்ற ஒரே பதில்தான் வரும் என்பதால் உங்களோடு வேலை செய்யும் பழனியப்பன் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இடுப்புப் பட்டை போடாமல்தான் வெல்டிங் செய்ய உட்காருகிறீர்களாம். தயவுசெய்து போடுங்கள். அண்ணன் விடுமுறை முடிந்து நாளை லாபுவான் கிளம்புகிறார். அவர் கையில் நெத்திலி சம்பால் ஒரு போத்தலும் முறுக்கும் கொடுத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால், உங்களுக்குப் பிடிக்காத விஷயம் வந்ததும் லாபுவானில் லைன் போய்விடுகிறது. வாட்சாப்பில் எழுதினால் ஒரு கட்டை விரல் வருகிறது. அந்தக் கட்டை விரல் சம்மதமா, போதும் நிறுத்து என்பதா என்று இத்தனை வருடத்தில் எனக்குப் பிடிபடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து கடைசிவரை படியுங்கள்.

விஷயம் இதுதான். யுகா டாக்டருக்குப் படிக்க விரும்பவில்லை. பல்கலைக்கழகம் போவதற்கு முன் ஆறாம் படிவத்தில் கலைப் பிரிவில் சேர விரும்புகிறாள். வரலாறு, பொருளாதாரம், தமிழ் என்று மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறாள். இவற்றோடு எல்லாரும் எடுக்கவேண்டிய பொதுப் பாடமும் உண்டு.

இப்போது எழுந்து போய்க் கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அறிவியல் வராமல் ஓடுகிறாள் என்று நினைக்காதீர்கள். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். பரீட்சை முடிவு வந்த அன்று வேதியியலில் அவள் வாங்கியதைப் பார்த்து நீங்கள் கப்பல் பட்டறை முழுக்க லட்டு கொடுத்தீர்களே. படிக்க முடியும் அவளுக்கு. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை என்னிடம் சொல்லவே அவளுக்கு வாரக் கணக்கில் ஆனது. காரணம் யார் என்று நினைக்கிறீர்கள்? நீங்களும் உங்கள் தம்பி குகனும்தான். அவள் பிறந்தநாளுக்குப் பத்திரிகையில் படத்தோடு வாழ்த்துப் போட்டீர்களே, "எங்கள் குலவிளக்கு, வருங்கால டாக்டர் யுகாஷினி ராதாகிருஷ்ணன்" என்று. அதைச் செந்தூலில் படிக்காத ஆள் பாக்கி இல்லை. பாசாரில் வாழைப்பழம் விற்கிறவர் "டாக்டரம்மா வந்துட்டாங்க, வழி விடுங்க லா" என்கிறார். கோயிலில் குருக்கள் அர்ச்சனையில் அவள் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டத்தையும் சேர்த்துச் சொல்கிறார். பக்கத்து வீட்டு இராஜம்மா அக்கா தன் முட்டி எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "எங்க தேஞ்சிருக்கு பாருடி கண்ணு" என்று கேட்டார். அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போதெல்லாம் பாசாருக்கு அனுப்பினால் தலைவலி என்கிறாள்.

நானும் முதலில் குதித்தேன். மறைக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் இத்தனை வருடமாகப் பதிவு கவுண்டரில் உட்கார்ந்து பெயர் கூப்பிடுகிறவள் நான். உள்ளே அந்த நாற்காலியில் என் மகள் உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை இருக்காதா? வரலாறு படித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிறகு நம் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. இரண்டு லிஃப்டும் நின்று மாதக் கணக்காகிவிட்டது என்று சொல்லியிருந்தேனே. கூட்டத்தில் நிர்வாகத் தலைவர் எழுந்து, பராமரிப்புக் கட்டணம் எல்லாரும் கட்டினால்தான் ரிப்பேர், கஷ்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார். நானும் சரி என்று தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து யுகா எழுந்தாள். "எல்லாருக்கும் ஒன்னு இல்ல அங்கிள்" என்றாள். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். அவள் நிறுத்தவில்லை. மேல் மாடிகளில் வாடகை குறைவு, அதனால் வேலையில்லாதவர்களும் நோயாளிகளும்தான் மேலே குடியிருக்கிறார்கள், லிஃப்ட் நின்றால் ஏற முடியாதவர்கள்தான் ஏறவேண்டியிருக்கிறது, உச்சி மாடி கன்னையா தாத்தா டயாலிசிஸுக்குப் போவதற்கு இரண்டு பேர் தூக்கி இறக்குகிறார்கள், தூக்க ஆள் வராத அன்று அவர் போவதில்லை என்றாள். கட்டணம் பாக்கி வைத்திருப்பது பெரும்பாலும் வாடகைக்கு விட்டுவிட்டு வேறு இடத்தில் இருக்கும் வீட்டுக்காரர்கள், குடியிருப்பவர்கள் அல்ல என்றும் சொன்னாள். வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறாள். நான் டியூசன் சொல்லிக்கொடுக்கப் போகிறாள் என்றல்லவா நினைத்திருந்தேன்.

யாரும் கை தட்டவில்லை. தலைவர் மட்டும், "நீ லாயருக்கா படிக்கிற? டாக்டர்னு சொன்னாங்க" என்று கேட்டார். அவர் கிண்டலாகத்தான் கேட்டார், ஆனால் எனக்கு என்னவோ செய்தது. இந்த புளோக்கில் கல்யாணமாகி வந்த நாள் முதல் இருக்கிறேன். அந்தப் படியில் அரிசி மூட்டை தூக்கி ஏறியிருக்கிறேன். யார் எந்த மாடியில் ஏன் இருக்கிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இப்போது ஒரு லிஃப்ட் ஓடுகிறது. தான் அலைந்து சரி செய்ததாகத் தலைவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். போகட்டும்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று மறுபடியும் கேட்டேன். இந்த முறை கத்தாமல் கேட்டேன். "இன்னும் சரியா தெரியலம்மா. ஆனா இது ஏன் இப்படி இருக்குன்னு தெரிஞ்சிக்கணும்னு இருக்கு. கெமிஸ்ட்ரி படிக்கும்போது அப்படி இல்ல" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண். சட்டம், பொருளாதாரம் என்று ஏதாவது பெரிய பெயராகச் சொல்லியிருந்தால் எனக்கும் உங்களிடம் சொல்லச் சுலபமாக இருந்திருக்கும்.

சிக்கல் என்னவென்றால், நான் சரி என்றது அவளுக்குப் போதவில்லை. அப்பா சொன்னால்தான் போவேன், இல்லாவிட்டால் டாக்டர் படிப்புக்கு வழிவிடும் அந்த மெட்ரிகுலேஷன் கல்லூரியில் இடம் கிடைத்தால் அங்கேயே போய்விடுகிறேன் என்கிறாள். பத்திரிகையில் போட்ட பிறகு அப்பாவுக்குத் தலைகுனிவு வரக்கூடாதாம். முதலில் இடம் கிடைக்காததால் குகன் தம்பி தொகுதி எம்.பி.யின் சேவை மையத்துக்கு அலைந்து மேல்முறையீடு போட்டிருக்கிறார். கிடைத்துவிட்டால் இவள் வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள். அது நடக்க நான் விடப் போவதில்லை.

அவளைக் கூப்பிட்டு, "படிம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்களிடம் நான் கேட்பது அது ஒன்றுதான்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
உஷா.


செந்தூல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள என் கணவருக்கு,

கடிதம் கிடைத்தது என்பது நீங்கள் அவளுக்குப் போன் செய்ததில் தெரிந்தது. நான் பக்கத்தில்தான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். "உன் இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் உங்கள் மனைவி. நீங்கள் எந்தக் குரலில் அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்கள் தங்கை ஒரு கார் வாங்கியபோதும் இதே குரலில்தான் சொன்னீர்கள், பிறகு ஒரு வருடம் அந்தக் காரில் ஏறவில்லை. பிள்ளைக்குத் தெரியாதா? போனை மேசையில் வைத்துவிட்டு, "அப்பாவுக்கு மனசில்லம்மா" என்று அறைக்குள் போய்விட்டாள்.

அதற்கு மறுநாளே மெட்ரிகுலேஷன் கிடைத்துவிட்டது. வடக்கே கெடாவில் இடம், சனிக்கிழமை போய்ச் சேர வேண்டும். குகன் தம்பி கிள்ளானிலிருந்து ஒரு பெரிய சக்கரப் பெட்டியோடு வந்தார். பாவம், சந்தோஷத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அண்ணி, எத்தனை பேர் இந்த சீட்டுக்கு அழுவுறாங்க தெரியுமா? ஆர்ட்ஸுக்குப் போனா நாளைக்கு யாரு மதிப்பா?" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அழுகிறவர்கள் இருக்கிறார்கள்தான். அதனால்தான் பிடிக்காதவள் போய் அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்றேன். கோப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். பெட்டி மட்டும் இங்கே இருக்கிறது. யுகா அதில் ஒவ்வொரு துணியாக மடித்து வைக்கிறாள். அழுதால்கூடச் சமாதானம் சொல்லலாம். அவள் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருக்கிறாள், பார்க்கவே முடியவில்லை.

இனி நான் எழுதப் போவது உங்களுக்குக் கோபம் வரக்கூடிய விஷயம். வந்தாலும் படியுங்கள்.

டிவியில் யாராவது கலைப் பிரிவு என்று சொன்னாலே நீங்கள் கையை நீட்டி அந்தத் தீக்காயத் தழும்பைக் காட்டி, "ஆர்ட்ஸ் படிச்சவன் கதி இதான்" என்று சிரிப்பீர்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். கல்யாணமான புதிதில் ஒரு முறை சொன்னீர்கள், லோவர் சிக்ஸ் என்கிற ஆறாம் படிவ முதல் வருடத்தில், கலைப் பிரிவில் படித்துக்கொண்டிருக்கும்போது பாதியில் விட்டதாக. ஏன் விட்டீர்கள்? பாடம் வரவில்லையா? வகுப்பிலிருந்து துரத்தினார்களா? இல்லையே. மாமா பக்கவாதத்தில் படுத்துவிட்டார், உங்களுக்குக் கீழே மூன்று பேர் சாப்பிட வேண்டியிருந்தது, நீங்கள் பட்டறைக்குப் போனீர்கள். குகன் தம்பி பட்டப்படிப்பு முடித்தது அந்தச் சம்பளத்தில்தான். இதில் அந்தப் பாடங்கள் செய்த குற்றம் என்ன? அவை உங்களைக் கைவிடவில்லை. நீங்கள்தான் எங்கள் எல்லாருக்காகவும் அவற்றைக் கைவிட்டீர்கள்.

இன்றைக்கு உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கை கால் சுகத்தோடு வேலை செய்கிறீர்கள். நானும் வேலைக்குப் போகிறேன். அவள் எதையும் பாதியில் விட வேண்டிய அவசியம் இந்த வீட்டில் இல்லை. உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, அந்தப் பயத்தின் மேல் எனக்கு மரியாதையும் இருக்கிறது. ஆனால் அதை ஒரு பெட்டியில் வைத்து அவள் தலையில் ஏற்றி கெடாவுக்கு அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன்.

நேற்று வேலை முடிந்து நேராகப் பள்ளிக்குப் போனேன். ஆறாம் படிவத்துக்குப் பொறுப்பான டீச்சர் ஒரு மலாய்க்கார அம்மா, நல்ல மாதிரி. அறிவியல் படித்த பிள்ளை ஏன் இங்கே வருகிறாள் என்று அவரும் கேட்டார். அவளுக்கு இதுதான் வேண்டுமாம் என்றேன். "அப்படியென்றால் வரட்டும், விருப்பப்பட்டு வருகிறவர்கள் எங்களுக்குக் குறைவு" என்றார். நல்ல தேர்ச்சி பெற்றால் சட்டமும் படிக்கலாம், பொருளாதாரமும் படிக்கலாம், வழி அடைத்துக் கிடக்கவில்லை என்று விளக்கினார். தேர்ச்சி பெறாவிட்டால் என்ன என்று கேட்டேன். "அது எந்தப் பாடத்துக்கும் உள்ளதுதானே, புவான்" என்று மரியாதையாகவே சொன்னார். பதிவுத் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திங்கட்கிழமை அங்கே பதிவு. நான் விடுமுறை சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் கழிந்திருக்கும். அது தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். இது அனுமதி கேட்கும் கடிதம் இல்லை. நாளைக்கு உஷா என்னிடம் மறைத்துவிட்டாள் என்று நீங்கள் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன். கோபத்தை என் மேல் காட்டுங்கள், தாங்கிக்கொள்வேன். அவளிடம் காட்டாதீர்கள்.

உஷா.


செந்தூல்,
வியாழக்கிழமை.

அன்புள்ள உங்களுக்கு,

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். குகன் தம்பி ஏற்கெனவே சொல்லியிருப்பார், ஆனால் அவர் பாதிதான் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை விடிந்ததும் அவர் காரோடு வந்துவிட்டார். யுகா குளித்து, திருநீறு பூசி, பெட்டியைக் கதவருகே வைத்துக்கொண்டு நின்றாள். நான் கதவை மறித்துக்கொண்டு நிற்பதாகத்தான் இருந்தேன். ஆனால் அவள் முகத்தைப் பார்த்த பிறகு, நான் மறித்து அவள் நின்றால் அதுவும் இன்னொருவர் சொல்லிக் கேட்டதாகத்தானே ஆகும் என்று தோன்றியது. அதனால் விலகிக்கொண்டு, "படிக்கப் போறியா, அப்பாவுக்காகப் போறியா?" என்று மட்டும் கேட்டேன். "அப்பாவுக்கு அசிங்கமா போயிடும்மா, பேப்பர்லயே போட்டாரு" என்றாள். "அந்த அசிங்கத்த அப்பா பார்த்துக்குவாரு. அவரு சின்னப் பிள்ள இல்ல" என்றேன்.

பெட்டியைக் கதவருகிலிருந்து உள்ளே தள்ளினாள். பிறகு குகன் தம்பியிடம், "சித்தப்பா, நான் வரல. எனக்காக ரொம்ப அலைஞ்சீங்க. கோவிச்சுக்காதீங்க" என்றாள். அவர் அப்படியே மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளூரப் பாவமாகத்தான் இருந்தது. இட்லி கொடுத்தேன். சாப்பிட்டார். கையைக் கழுவிக்கொண்டு நேரே காருக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பள்ளி மண்டபத்தில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு என்ன பாடம் என்று கேட்டு எழுதினார்கள். அவள் முறை வந்ததும் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே சுவரில் ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேன். வரலாறு, பொருளாதாரம், தமிழ் என்று அவளே சொன்னாள். அடுத்து நின்ற பையனுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கிளினிக்கில் என்னோடு வேலை செய்கிறவர்கள் பார்த்திருந்தால் ஒரு மாதம் கேலி செய்திருப்பார்கள்.

இது நடந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. வகுப்பு மும்முரமாக நடக்கிறது. பாசாரில் இன்னும் டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவள் ஒவ்வொருவரிடமும் நின்று, இல்லை அண்ணே, நான் ஆர்ட்ஸ் எடுத்திருக்கிறேன் என்று சொல்கிறாள். வாழைப்பழக்காரர் ஒரு நாள் முகம் சுளித்தார், மறுநாள் வழக்கம்போல ஒரு பழம் கூடப் போட்டார். இராஜம்மா அக்கா தன் எக்ஸ்ரேயை இப்போது என்னிடம் கொண்டுவந்தார், கிளினிக்கில் காட்டச் சொல்லி. காட்டினேன், தேய்மானம்தானாம்.

எல்லாம் நன்றாகப் போகிறது என்று எழுதி முடித்துவிடலாம். ஆனால் அது உண்மையாக இருக்காது. நீங்கள் வாரா வாரம் எனக்குப் போன் செய்கிறீர்கள். அவள் சாப்பிட்டாளா, பஸ் ஒழுங்காக வருகிறதா, மழையில் நனைந்தாளா என்று கேட்கிறீர்கள். அவளிடம் போனைக் கொடு என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவள் படிப்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் போனை வைத்த பிறகுதான் அவள் அடுத்த பக்கத்துக்குப் போகிறாள். நீங்கள் சண்டை போட்டால்கூட அவளுக்கு இத்தனை வருத்தம் இருக்காது.

நேற்று மாலை தமிழ்ப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டே, "அப்பா லோவர் சிக்ஸ்ல என்னென்ன பாடம்மா எடுத்தாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளாது, இடது காலில்தான் முதலில் செருப்புப் போடுவீர்கள் என்பதுவரை எனக்குத் தெரியும். இது தெரியவில்லை. நான் கேட்டதும் இல்லை, நீங்கள் சொன்னதும் இல்லை. அப்பாவையே கேள் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த பிறகு, இந்த வாரம் விட்டு அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை காலை அவள் உங்களைக் கூப்பிடுவாள். நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டாம், வாழ்த்தும் சொல்ல வேண்டாம். உங்களால் முடியாததை நான் கேட்கவில்லை. நான் இரண்டாம் படிவத்தோடு நின்றவள். குகன் தம்பி படித்தது கணக்கியல். அந்த வகுப்பில் உட்கார்ந்த ஆள் இந்தக் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். சந்தேகம் கேட்க அவளுக்கு வேறு யாரும் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்களை நல்லபடியாக வீடு கொண்டுவந்து சேர்க்கும்படி முருகனிடம் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டால் சொல்லுங்கள். என்னென்ன பாடம் எடுத்தீர்கள், எது உங்களுக்குப் பிடித்தது, எந்தப் பாடத்தில் எந்த இடத்தில் நிறுத்திவிட்டுப் பட்டறைக்குப் போனீர்கள் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு என்ன வருகிறது என்று அவள் படித்து உங்களுக்குச் சொல்வாள்.

என்றும் உங்கள்,
உஷா.